வருவதுரைப்போர்: மெய்யர் யார், பொய்யர் யார்?

1962-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3, 4, 5 ஆகிய நாட்களை நம் நாட்டு முதியவர்கள் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஏழுடன் கேதுவும் மகர ராசியில் ஒன்றுகூடும் என்று பஞ்சாங்கங்கள் கூறின. 'அஷ்டக் கிரகச் சேர்க்கை' என்று அதற்குப் பெயர். அன்று உலகம் அழியும் என்ற அச்சம் இந்தியா முழுவதும் பரவியது. ஊர்தோறும் யாகங்கள் நடந்தன.

என் தந்தையார் அப்போது நான்காம் வகுப்பு மாணவர். அவர் அடிக்கடி ஒரு செய்தியைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் சிறு விவசாயி. வைக்கோற் புரியால் கோட்டை கட்டிச் சாணம் மெழுகிப் பாதுகாத்து வைத்திருந்த விதைநெல்லை அவர் பிரித்து, அவித்துக் குத்திச் சோறாக்கிவிட்டாராம். "உலகமே போகப் போகிறது, விதைநெல் யாருக்கு? பிள்ளைகள் வயிறாவது நிறையட்டும்" என்றாராம். பிப்ரவரி 6-ஆம் நாள் காலையில் சூரியன் வழக்கம்போல உதித்தது. கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவ வேண்டிய நேரத்தில், ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்பித் தருவதாகச் சொல்லி அவர் ஊரில் விதை கடன் வாங்கினார். அழிவைச் சொன்னவர் எவரும் வந்து அந்த நெல்லைக் கொடுக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். அந்த மூன்று நாட்களைப் பற்றி இரண்டு முன்னறிவிப்புகள் சொல்லப்பட்டன. கோள்கள் ஓரிடத்தில் கூடும் என்பது ஒன்று. உலகம் அழியும் என்பது மற்றொன்று. முதலாவது பிசகாமல் நடந்தது. பிப்ரவரி 5-ஆம் நாள் பசிபிக் பகுதியில் ஒரு முழுச் சூரிய கிரகணங்கூட, கணக்கிட்டவாறே நிகழ்ந்தது. இரண்டாவதோ நடக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால், முதலாவதன் பெருமையை இரண்டாவது கடன் வாங்கிக்கொண்டது. "கோள்கள் கூடுவதைச் சரியாகச் சொன்னவர்கள் அழிவையும் சரியாகத்தானே சொல்வார்கள்?" என்று மக்கள் எண்ணினர்.

வருவதுரைப்போரில் மெய்யரையும் பொய்யரையும் பிரித்தறிவது எப்படி? இக்கேள்வி மிகப் பழையது. யூதர்களின் மறையிலும் கிறித்தவர்களின் வேதாகமத்திலும் உள்ள உபாகமம் என்னும் நூலின் 18-ஆம் அதிகாரம் இதற்கு ஒரு விடை தருகிறது. சொன்னது நடக்காவிட்டால் அவன் மெய்யான தீர்க்கதரிசி அல்லன் என்பதே அவ்விடை. அதே நூலின் 13-ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே சென்று, சொன்ன அடையாளம் பலித்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவன் பின்னே போய்விடாதே என்றும் எச்சரிக்கிறது. இரண்டும் நல்ல விதிகளே. ஆனால், நடந்த பிறகு தெரிந்துகொள்வதால் விதைநெல்லை உண்டவருக்குப் பயன் என்ன? முன்னதாகவே எடைபோட ஏதேனும் வழி உண்டா? அறிவியல் வரலாற்றில் அதற்குச் சில பாடங்கள் இருக்கின்றன.

வராத வெள்ளம்

1962-இல் நடந்தது புதியதன்று. 1499-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோகான்னஸ் ஸ்டோஃப்லர், யாக்கோப் ஃப்ளாவும் என்னும் இருவர் ஒரு வானியல் பஞ்சாங்கத்தை வெளியிட்டனர். 1524 பிப்ரவரியில் பல கோள்கள் மீன ராசியில் ஒன்றுகூடும் என்றும், அதனால் பெரும் மாறுதல்கள் விளையும் என்றும் அதில் கண்டிருந்தது. மீனம் நீர் ராசி என்பதால், பின்னால் வந்தவர்கள் 'மாறுதல்' என்பதைப் 'பிரளயம்' என்று மாற்றிவிட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டு நூல்கள் அச்சாகி ஐரோப்பா முழுவதும் பரவின. அச்சுப்பொறி அன்று புதிய கருவி என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அறிவைப் பரப்பிய அதே பொறி அச்சத்தையும் பரப்பியது.

கோள்கள் மீனத்தில் கூடின. பிரளயம் வரவில்லை.

1524-க்கும் 1962-க்கும் உள்ள ஒற்றுமை புரிகிறதல்லவா? கோளின் இருப்பிடத்தைச் சொல்வது கணக்கு. யார் கணக்கிட்டாலும் அதே விடை வரும். கோளின் இருப்பிடத்திலிருந்து வெள்ளத்துக்குத் தாவுவது கணக்கன்று. இடையில் பாலம் எதுவும் இல்லை. எனவே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: "இதிலிருந்து அது எவ்வாறு விளைகிறது?"

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் அப்பாலத்தை நானே கட்ட முயன்று பார்க்கிறேன். கோள்கள் பூமியைப் பாதிக்கக்கூடிய வழி ஈர்ப்பு விசை. கடலைப் பொங்கச் செய்யும் ஓத விசை, இழுக்கும் பொருளின் நிறைக்கு நேர்விகிதத்திலும், தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். வெள்ளி பூமிக்கு மிக அருகில் வரும்போதுகூட அதன் ஓத விசை நிலாவினுடையதில் ஏறத்தாழ 19,000-இல் ஒரு பங்குதான். மாபெரும் வியாழனுடையது, அதன் தொலைவின் காரணமாக, 1,70,000-இல் ஒரு பங்கு. இன்னொன்றும் உண்டு. செவ்வாய், வியாழன், சனி ஆகியவை சூரியன் இருக்கும் திசையில் தெரிகின்றன என்றால், அவை சூரியனுக்கு அப்பால், நம்மிடமிருந்து மிகத் தொலைவில் நிற்கின்றன என்றே பொருள். ஆக, 1962-இல் அவற்றின் இழுப்பு வழக்கத்தைவிடக் குறைவு! இந்தக் கணக்கை 1962 ஜனவரியிலேயே ஒரு கல்லூரி மாணவர் ஒரு தாளில் போட்டிருக்கலாம். விதைநெல் தப்பியிருக்கும்.

இறந்த பின்னும் பலித்த வாக்கு

பொய்க்கு இவ்வளவு போதும். மெய்யான முன்னறிவிப்பு எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

இங்கிலாந்து அறிஞர் எட்மண்ட் ஹாலி, நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு 24 வால்மீன்களின் பாதைகளைக் கணக்கிட்டு 1705-இல் வெளியிட்டார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றிய மூன்று வால்மீன்களின் பாதைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் கண்டார். இவை மூன்றல்ல, ஒன்றே என்று முடிவு செய்தார். அது மீண்டும் 1758-இல் வரும் என்றும் அறிவித்தார். அவ்வாண்டில் தாம் உயிரோடு இருக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். 1742-இல் அவர் காலமானார்.

இவ்வறிவிப்பின் சிறப்பைக் கவனியுங்கள். ஆண்டு சொல்லப்பட்டது. அச்சில் ஏறிவிட்டதால் பின்னர் மாற்ற இயலாது. வால்மீன் வராவிட்டால் ஹாலி தவறு செய்தார் என்பதில் ஐயமே இராது. கணக்கு முறையும் எல்லோருக்கும் திறந்திருந்தது.

திறந்திருந்ததால் பிறர் அதைச் செம்மையாக்க முடிந்தது. வியாழனும் சனியும் வால்மீனை இழுத்துத் தாமதப்படுத்தும் அல்லவா? பிரான்சில் கிளேரோ, லலாந்து என்னும் இரு அறிஞர்களும், நிக்கோல்-ரேன் லெபோத் என்னும் அம்மையாரும் 1758-இல் மாதக்கணக்காக உட்கார்ந்து கையாலேயே கணக்கிட்டனர். வியாழனால் 518 நாள், சனியால் 100 நாள், ஆக 618 நாள் தாமதம் என்று கண்டனர். 1759 ஏப்ரல் நடுவில் வால்மீன் சூரியனுக்கு மிக அருகில் வரும் என்று அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தனர். கூடவே, இதில் ஒரு மாதம் வரை முன்பின் இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

1758 டிசம்பர் 25 இரவு, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகில் பாலிட்ச் என்னும் உழவர் தம் தொலைநோக்கியில் அவ்வால்மீனை முதன்முதல் கண்டார். அது சூரியனை நெருங்கியது 1759 மார்ச் 13-இல். கிளேரோ சொன்ன பிழையின் அளவு ஏறத்தாழ அப்படியே அமைந்தது. "நான் இவ்வளவு தவறலாம்" என்று முன்னதாகவே சொல்வது பலவீனம் போலத் தோன்றும். உண்மையில் அதுவே மெய்யரின் அடையாளம். பொய்யர் தம் பிழையின் அளவைச் சொல்வதே இல்லை.

நம் மண்ணிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1825-ஆம் ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஜான் வாரன் என்னும் ஐரோப்பியருக்குக் கணக்கிட்டுக் காட்டினார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே கணக்கிட்டார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிழை இருந்தது. எழுதுகோல்கூட எடுக்காமல் செய்த கணக்கு அது! பஞ்சாங்கத்தை நாம் முழுவதும் நம்பவும் வேண்டாம், முழுவதும் தள்ளவும் வேண்டாம். கிரகணப் பக்கத்தைக் கடிகாரத்தை வைத்துச் சோதிக்கலாம். பலன் பக்கத்தை எதை வைத்துச் சோதிப்பது?

ஒரே மனிதர், இரண்டு அறிவிப்புகள்

இனி ஒரு கடினமான கட்டம். மெய்யர் என்று ஒரு முறை நிலைநாட்டப்பட்டவரை எப்போதும் நம்பலாமா?

1781-இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோள், கணக்கிட்ட பாதையிலிருந்து சிறிது சிறிதாக விலகிச் சென்றது. அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோள் அதை இழுக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் லெவெர்ரியே கருதினார். அக்கோள் இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு, பெர்லின் ஆய்வகத்தின் காலே என்பவருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்தது 1846 செப்டம்பர் 23. அன்றிரவே காலேயும் தாரெஸ்ட் என்னும் மாணவரும் விண்மீன் படத்தோடு ஒப்பிட்டுத் தேடினர். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் புதிய கோள் இருந்தது! அதுதான் நெப்டியூன். உலகமே வியந்தது.

அடுத்து லெவெர்ரியே புதன் கோளிடம் வந்தார். புதனின் நீள்வட்டப் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பிற கோள்களின் இழுப்பையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் நூறாண்டுக்கு 38 விகலை மிஞ்சுகிறது என்று 1859-இல் அவர் அறிவித்தார். (விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. பின்னர் இது 43 விகலை என்று திருத்தப்பட்டது.) காரணம் என்ன? யுரேனஸின் புதிருக்கு விடை, காணாத ஒரு கோள். எனவே புதனின் புதிருக்கும் விடை, சூரியனுக்கு அருகில் காணாத ஒரு கோளோ, சிறு கோள்களின் கூட்டமோதான் என்று அவர் கருதினார். அவருக்கு இயல்பாகத் தோன்றிய முடிவு அது.

விரைவில் ஒரு சாட்சியும் கிடைத்தார். லெஸ்கர்போல் என்னும் கிராமத்து மருத்துவர், அவ்வாண்டு மார்ச் 26-இல் சூரிய வட்டத்தின் மீது ஒரு கரும்புள்ளி கடந்து சென்றதைக் கண்டதாக எழுதினார். லெவெர்ரியே அவர் வீட்டுக்கே சென்று குறுக்கு விசாரணை செய்தார். அந்த மருத்துவர் தம் கணக்குகளை மரப்பலகையில் எழுதுவார். இடம் போதாவிட்டால் இழைப்புளியால் சீவிவிட்டு மீண்டும் எழுதுவார். அவரது எளிமையும் நேர்மையும் லெவெர்ரியேயைக் கவர்ந்தன. கோளுக்கு 'வல்கன்' என்று பெயரிடப்பட்டது. சூரியனைச் சுற்றும் காலம் சற்றேறக்குறைய 20 நாள் என்றும் கணக்கிடப்பட்டது. மருத்துவருக்கு அரசு விருதும் கிடைத்தது. ஆனால் அதே நேரத்தில் பிரேசிலில் சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்த லியே என்னும் வானியலார், தாம் எதையும் காணவில்லை என்று எழுதினார். அவர் சொன்னது எடுபடவில்லை.

1877 மார்ச் 22-இல் வல்கன் சூரியனைக் கடக்கக்கூடும் என்று லெவெர்ரியே அறிவித்தார். உலகின் பல பகுதிகளில் வானியலார் காத்திருந்தனர். சூரிய வட்டம் மாசில்லாமல் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் லெவெர்ரியே காலமானார். நெப்டியூன் கிடைத்து அன்றோடு சரியாக 31 ஆண்டுகள். மறு ஆண்டு அமெரிக்காவில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின்போது வாட்சன், ஸ்விஃப்ட் என்னும் இருவர் வல்கனைக் கண்டதாகச் சொன்னார்கள். பிறர் அதை ஏற்கவில்லை. 1901, 1905, 1908 ஆகிய ஆண்டுகளின் கிரகணங்களில் ஒளிப்படங்கள் எடுத்துத் தேடினர். வல்கன் இல்லை.

லெவெர்ரியே பொய்யரா? இல்லவே இல்லை. அவர் கணக்கில் திறமை குறையவில்லை, நேர்மையும் குறையவில்லை. புதனின் மிச்சக் கணக்கு உண்மையானது. அதற்கு அவர் கொடுத்த காரணம்தான் தவறு. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தம் புதிய ஈர்ப்புக் கொள்கையைக் கொண்டு அந்த 43 விகலையை அப்படியே வருவித்தார். தேவைப்பட்டது புதிய கோள் அன்று. ஈர்ப்பைப் பற்றிய புதிய விதி.

ஆனால் ஐன்ஸ்டீனையும் அதற்காகவே உலகம் நம்பிவிடவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஓர் எண்ணுக்கு விளக்கம் சொல்வது வேறு, தெரியாத ஓர் எண்ணை முன்கூட்டிச் சொல்வது வேறு. சூரியன் அருகே வரும் விண்மீன் ஒளி ஏறத்தாழ 1.75 விகலை வளையும் என்று அவர் சொன்னார். 1919 மே 29 கிரகணத்தின்போது ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள பிரின்சிப்பே தீவிலும், பிரேசிலின் சொப்ரால் என்னும் ஊரிலும் அது அளக்கப்பட்டது. 1.61 என்றும் 1.98 என்றும் விடைகள் வந்தன. பழைய நியூட்டன் முறைப்படி அதில் பாதிதான் வரவேண்டும். அதன் பிறகே உலகம் ஐன்ஸ்டீன் பக்கம் திரும்பியது. 1911-இல் அவரே அந்தப் பாதி அளவைத்தான் சொல்லியிருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 'மெய்யான தீர்க்கதரிசி' என்று ஒரு மனிதருக்குப் பட்டம் கட்டுவதே பிழை. எடைபோட வேண்டியது ஆளை அன்று, அறிவிப்பை. ஒவ்வோர் அறிவிப்பும் புதிதாகத் தேர்வு எழுத வேண்டும். நேற்று வாங்கிய மதிப்பெண் இன்று செல்லாது.

உயிர் ஊசலாடும் இடம்

வல்கன் இல்லாததால் எவரும் சாகவில்லை. ஆனால் சில அறிவிப்புகளில் உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

1975 பிப்ரவரி 4-இல் சீனாவின் ஹைச்செங் பகுதியில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்கு முன் சிறு சிறு அதிர்வுகள் அடுத்தடுத்து வந்ததால், அதிகாரிகள் மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினர். பல்லாயிரம் உயிர்கள் தப்பின. நிலநடுக்கத்தை முன்னறியும் கலை கைவந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். ஒன்றரை ஆண்டுக்குள், 1976 ஜூலை 28-இல், அதே நாட்டின் தாங்ஷான் நகரம் எச்சரிக்கையின்றித் தரைமட்டமாயிற்று. அரசுக் கணக்கின்படியே 2,42,000 பேருக்கு மேல் மாண்டனர். அங்கே அத்தகைய முன் அதிர்வுகள் வரவில்லை. ஒரு வெற்றி ஒரு முறையை நிலைநாட்டாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டுமா? இன்றும் நாள் குறித்து நிலநடுக்கத்தைச் சொல்ல எவராலும் இயலாது. இப்பகுதியில் இத்தனை ஆண்டுக்குள் இவ்வளவு வாய்ப்பு என்று மட்டுமே சொல்ல முடியும்.

"இவ்வாண்டு உலகில் பெரிய நிலநடுக்கம் வரும்" என்று யாரேனும் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து வருகின்றன. அந்த வாக்கு எந்த ஆண்டும் பலிக்கும்!

மாறாக, புயலைப் பாருங்கள். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013 அக்டோபரில் அதே கரையை 'பைலின்' என்னும் கடும்புயல் தாக்கியபோது, வானிலைத் துறையின் அறிவிப்பைக் கொண்டு ஏறக்குறைய பத்து லட்சம் பேர் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இறந்தவர் தொகை ஐம்பதைக்கூட எட்டவில்லை. அறிவிப்புகள் செம்மைப்பட்டிருந்தன, புயல் காப்பகங்கள் கட்டப்பட்டிருந்தன, மக்களும் அறிவிப்பை நம்பிக் கிளம்பினர். பொய்யை நம்பினால் விதைநெல் போகும். மெய்யை நம்பாவிட்டால் உயிரே போகும். 'எவன் சொல்வதையும் நம்பமாட்டேன்' என்பதும் அறிவுடைமை ஆகாது.

ஐந்து கேள்விகள்

எனவே, வருவதைச் சொல்லும் எவரிடமும், அவர் சோதிடராயினும் விஞ்ஞானியாயினும், ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: எங்கே, எப்போது, எவ்வளவு என்று முன்னதாகவே எழுத்தில் சொல்கிறாரா?

இரண்டு: எது நடந்தால் தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வார்? எவ்வளவு பிழை இருக்கலாம் என்கிறார்?

மூன்று: அவர் சொல்லாவிட்டாலும் அது நடந்திருக்குமா?

நான்கு: காரணத்திலிருந்து விளைவுக்குப் பாலம் இருக்கிறதா? அந்தக் கணக்கைப் பிறர் போட்டுப் பார்க்க முடியுமா?

ஐந்து: பலித்தவற்றோடு பலிக்காதவற்றையும் எண்ணிக் காட்டுகிறாரா? தவறியபின் கணக்கைத் திருத்துகிறாரா, சொல்லின் பொருளைத் திருத்துகிறாரா?

ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுப்பேன். புதிய பஞ்சாங்கம் ஒன்றை வாங்கி, அதில் உள்ள அறிவிப்புகளை ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாக எழுதச் சொல்வேன். கடிகாரத்தாலும் கண்ணாலும் சோதிக்கக்கூடியவை ஒரு பக்கம், சோதிக்க வழியில்லாதவை மறு பக்கம். ஆண்டு முடிவில் குறிப்பேட்டைத் திறப்போம். கிரகணப் பத்தியில் எல்லாம் சரி என்று குறியிட்டிருக்கும். மறு பக்கத்தில் சரியென்றும் போட முடியாமல், தவறென்றும் போட முடியாமல் மாணவர்கள் திகைப்பார்கள். அந்தத் திகைப்பே பாடம். வாசகர்களும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு குறிப்பேடு, காப்பது விதைநெல்.